நாளுக்குப் பத்துச் சொல் அதிகம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாளிதழ்களில் வரும் ‘தினம் பத்து ஆங்கிலச் சொற்கள்’ போன்ற பகுதிகளைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைப்பவர்கள் ஏராளம். ஆர்வத்தில் குறையில்லை. இடப்பக்கம் ஓர் அரிய ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அதற்கு ஒற்றைத் தமிழ்ச் சொல் என்ற அமைப்பில்தான் கோளாறு. டேபிள் என்றால் மேசை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். உயர்நிலைச் சொற்கள் அப்படி அடங்குவதில்லை.

‘மிட்டிகேட்’ என்ற வினைச்சொல்லைப் பாருங்கள். ‘குறைத்தல், தணித்தல்’ என்று பொருள் போட்டுவிடுகிறோம். அதைப் படித்தவர், விலையைக் குறைத்தார்கள் என்பதற்கு ‘மிட்டிகேட் தி பிரைஸ்’ என்று எழுதுகிறார். இலக்கணம் சரி, ஆனால் ஆங்கிலத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அந்தச் சொல் கெடுதலான ஒன்றோடுதான் சேரும்: ரிஸ்க், டேமேஜ், ஒரு பேரிடரின் இம்பாக்ட். கெடுதல் அடியோடு போய்விடாது, அதன் கடுமை குறையும் என்ற குறிப்பும் அதற்குள் இருக்கிறது. இதற்குப் பின்னால் ‘அகெய்ன்ஸ்ட்’ சேர்ப்பது இன்னொரு பிழை. அது ‘எதிராகச் செயல்படு’ எனப் பொருள்படும் ‘மிலிடேட்’ என்ற வேறு சொல்லுக்கு உரியது. எந்தச் சொல் எதோடு சேரும் என்பதை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் கொடுத்தால், வாசகர் கையில் கிடைப்பது பாதிச் சொல்தான்.

ஒரே பொருளுள்ள சொற்களைக் கொத்தாகக் கொடுப்பது இதைவிட மோசம். ‘லக்கானிக், டர்ஸ், டாசிடர்ன், சக்ஸிங்ட்’ நான்குக்கும் ‘சுருக்கமான’ என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும். டாசிடர்ன் என்பது அதிகம் பேசாத மனிதரின் சுபாவம். லக்கானிக் என்பது சில சொற்களில் முடித்துவிடும் பேச்சு. டர்ஸ் என்பதில் வெடுக்கென்ற தொனி அடிக்கடி ஒட்டிக்கொண்டிருக்கும். சக்ஸிங்ட் மட்டுமே தெளிவான பாராட்டு. நான்கையும் ஒரே நாளில் படிப்பவருக்கு ஒன்றுடன் ஒன்று கலந்து நான்குமே மங்கிப்போகும். பொருளால் நெருங்கிய புதுச் சொற்களைச் சேர்த்துக் கற்றால் குழப்பம் கூடுகிறது என்று 1990களில் நடந்த சோதனைகளும் காட்டின. ஒன்றை இந்த வாரம் உறுதியாக்கிவிட்டு, அடுத்ததைச் சில வாரம் தள்ளி எடுப்பதே சரி. ஒப்பிட்டுப் பார்ப்பது அதற்கப்புறம்.

வேர்ச்சொல் வழி நல்ல வழிதான். ‘பெனி’ என்றால் நன்மை, ‘மால்’ என்றால் தீமை என்று தெரிந்தவருக்குப் பெனவலன்ட், மலெவலன்ட் இரண்டும் எளிதில் பிடிபடும். ஆனால் வேரை நினைவுக்கு உதவியாக வைத்துக்கொள்ளலாமே தவிர, பொருளை ஊகிக்க நம்பக்கூடாது. ‘எனர்வேட்’ எனர்ஜியை நினைவூட்டும், பொருளோ சோர்வடையச் செய்வது. ‘நாய்சம்’ என்பதற்கும் நாய்ஸுக்கும் உறவே இல்லை, அது குமட்டும் நாற்றத்துக்குச் சொல்வது. ‘இன்வேல்யுவபிள்’ என்றால் விலைமதிக்க முடியாதது, அதை மதிப்பில்லாதது என்று எழுதி மாட்டிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு.

அடுத்தது எண்ணிக்கை. புதிதாகக் கற்றது தொடக்கத்திலேயே மிக வேகமாக மறந்துபோகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மீதே சோதனை செய்து 1885இல் வெளியிட்டார். எனவே ஒரு சொல்லைக் கற்ற பின் 1, 3, 7, 15, 30ஆம் நாட்களில் திரும்பப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 5 புதுச் சொல் எடுத்தால், ஒரு மாதத்துக்குப் பிறகு தினமும் 25 பழைய சொற்கள் வரிசையில் நிற்கும். 10 எடுத்தால் 50, 20 எடுத்தால் 100. ஒரு சொல்லுக்கு 20 விநாடி என்றாலும் 100 சொல்லுக்கு அரைமணிக்கு மேல் ஆகும். தவறியவை மீண்டும் முதல் நாளுக்குப் போவதால் பாரம் இன்னும் ஏறும். பலர் இரண்டாம் மாதம் கைவிடுவது சோம்பலால் அல்ல, இந்தக் கணக்கால். செயலியில் படித்தாலும், செபாஸ்டியன் லைட்னர் 1972இல் பிரபலமாக்கிய அட்டைப்பெட்டி முறையில் (அட்டைகளில் எழுதி, தெரிந்தவற்றை அடுத்த பெட்டிக்கு நகர்த்தி இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது) படித்தாலும் கணக்கு மாறாது.

அட்டையில் என்ன எழுதுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முன்பக்கம் சொல்லை எழுதாதீர்கள். அந்தச் சொல் வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டு ஒரு வாக்கியம், முதல் எழுத்து மட்டும் துப்பாக. பின்பக்கம் சொல், அழுத்தம் விழும் அசை, அதோடு சேரும் இரண்டு சொற்கள், தமிழில் ஒரு வரி விளக்கம். பார்த்ததும் தெரிந்தது போலிருப்பது வேறு, தேவையான நேரத்தில் வாயில் வருவது வேறு. இரண்டாவதற்குத்தான் இந்த ஏற்பாடு.

எந்தச் சொற்களை முதலில் எடுப்பது? மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தது ஒரு குடும்பம்) உள்ளன. கல்விசார் நூல்களில் வரும் சொற்களில் ஏறக்குறைய 10 சதவீதம் இவைதாம். அடிப்படை 2,000 சொற்கள் தெரிந்தவர் அடுத்து இங்கேதான் வரவேண்டும். முழ நீளச் சொற்களை ஒப்பிப்பது சபையில் கைதட்டல் வாங்கித் தரலாம், ஒரு பக்கம் படிக்கவும் உதவாது.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் மட்டும் அச்சிடுவதும் போதாது. ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசையிலும் ‘ஃபட்டாகிரஃபி’ என்பதில் இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழுகிறது. அந்த அசையைத் தடித்த எழுத்தில் காட்டினால் போதும். ‘எபிடமி’யை எபிடோம் என்றும் ‘ஹைபர்பலி’யை ஹைபர்போல் என்றும் படிப்பவர்களுக்கு அகராதியின் ஒலிப்பதிவைக் கேட்கச் சொல்லி ஒரு வரி சேர்க்கலாம். ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதி கடினம் என்ற பயமும் தேவையில்லை. 1978இல் வந்த லாங்மன் கற்போர் அகராதியே எல்லா விளக்கங்களையும் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள் எழுதியது.

தங்களிடம் கேட்பது இதுதான்: இத்தகைய பகுதியில் பத்துக்குப் பதில் ஐந்து சொல் போடுங்கள். மிச்சமாகும் இடத்தில் சென்ற வாரச் சொற்கள் ஐந்தை, சொல்லை மறைத்துக் கோடிட்ட வாக்கியங்களாகக் கொடுங்கள். விடையை அதே பக்கத்தில் தலைகீழாக அச்சிடாமல் மறுநாள் இதழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஆங்கிலம் கற்பிக்கும் ஒரு வாசகர்