செயலாளர் ஆண்டறிக்கை, 2023: ஆண்கள் கால்பந்து அணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வழுக்கும் சாலையைப் பொருட்படுத்தாமல் இந்தப் பள்ளி மண்டபத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள நமது சிற்றூர்க் கழகத்தின் 2023ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றிய அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வழக்கத்தைவிடச் சற்று நீண்ட அறிக்கை இது. காரணம், அண்டைக் கழகத்தோடு அணியைச் சேர்ப்பது பற்றிய ஒரு தீர்மானம் இறுதியில் உங்கள் முடிவுக்கு வருகிறது. இந்தக் கோடையில் நடந்தவற்றை அறியாமல் அதன்மேல் வாக்களிப்பது சரியாக இராது.

மீன் ஆலையிலும் அலுமினிய ஆலையிலும் வேலைக்கு வந்து இவ்வாண்டு புதிதாக உறுப்பினரான நண்பர்களுக்காக நமது இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நாட்டின் உச்சநிலைப் போட்டிக்குத் தனிப் பெயர் உண்டு. 'முதல் பிரிவு' என்று எண்ணிட்டு அழைக்கப்படுவது உண்மையில் இரண்டாவது நிலை. முதல், இரண்டாம், மூன்றாம் பிரிவுகளில் 12 அணிகள் வீதம் 22 ஆட்டங்கள். இந்தப் பருவம் முதல் நான்காம் பிரிவு 10 அணிகள் கொண்ட ஒரே பட்டியலாகச் சுருக்கப்பட்டு, அதற்குக் கீழே ஐந்தாம் பிரிவு என்று புதிதாக ஒன்று, இரு குழுக்களாகத் தொடங்கப்பட்டது. நாம் ஆடியது அதில்தான். புதிய ஏற்பாட்டை நான் வரவேற்கிறேன். வலுவான அணிகளோடு ஒரே குழுவில் அடைபட்டு ஒன்பது, பத்து கோல் வாங்கித் திரும்பும் மாலைகள் குறைந்தன.

பருவத்துக்கு முந்தைய பயிற்சி திட்டமிட்டபடி நடக்கவில்லை. ரேய்தார்ஃப்யோர்துரில் 2006இல் திறக்கப்பட்ட உள்ளரங்கமே குளிர்காலத்தில் நமக்குக் கிடைக்கும் ஒரே முழு அளவு ஆடுகளம். மார்ச் 27 அன்று நெஸ்கைப்ஸ்தாதூரில் பனிச்சரிவு வீடுகளைத் தாக்கியது. இப்பகுதியில் பலர் வீடுகளைக் காலி செய்ய நேர்ந்தது, சாலைகளும் மூடப்பட்டன. உயிரிழப்பு இல்லை என்பதே அன்று நமக்குப் போதுமாக இருந்தது. நமது ஆட்டக்காரர்களில் சிலர் அந்த நாள்களில் மீட்புக் குழுவோடு இருந்தார்கள். பயிற்சிக்கு வராதோர் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு நேரே நான் எதையும் குறிக்கவில்லை.

ஆடுகளத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் பனி உருகி, மீண்டும் உறைந்து, அந்தப் பனிக்கட்டியின் அடியில் மூச்சுவிட வழியில்லாமல் புல் செத்துப்போவது நம் ஊரில் புதிதன்று. ஆனால் இவ்வாண்டு வடக்குக் கோல்கம்பத்தின் முன்னால், தண்டனைப் பரப்பின் பாதி அளவுக்கு, வைக்கோல் நிறத்தில் ஒரு திட்டு கிடந்தது; காலால் அழுத்தினால் வேரோடு பெயர்ந்து வந்தது. மே மாதம் முழுவதும் மூத்த உறுப்பினர்கள் நால்வர் மண்ணைக் கீறி, விதைத்து, வெள்ளைத் துணியால் போர்த்தி, காற்று தூக்கிவிடாதபடி விளிம்புகளில் மீன்வலை ஈயக் குண்டுகளை வைத்துக் காத்தார்கள். முதல் உள்ளூர் ஆட்டத்தை எதிரணியின் ஊருக்கு மாற்றிக்கொள்ளும்படி கேட்டோம். அவர்கள் பெருந்தன்மையோடு இசைந்தார்கள். ஜூன் நடுவில் துணியை விலக்கியபோது முளைத்திருந்த புல் இப்போதும் நிற்கிறது.

ஆட்ட முடிவுகள் அறிவிப்புப் பலகையில் இருப்பதால் திரும்பப் படிக்கவில்லை. குழுவின் பட்டியலில் நடுவுக்குச் சற்றுக் கீழே முடித்தோம். ஜூலை இறுதிவரை நாம் ஆடிய ஆட்டம் அதைவிட மேலான இடத்துக்கு உரியது என்பது என் உறுதியான கருத்து. அதன்பின் என்ன நடந்தது என்பது எல்லோரும் அறிந்ததே. கானாங்கெளுத்திப் பருவம் தொடங்கியதும் ஆலையில் 12 மணி நேர முறைவேலை வந்தது, இருவர் கப்பலேறினர், ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் மாணவர்கள் படிப்புக்காக ரேக்யவிக்குக்கும் அக்குரேய்ரிக்கும் கிளம்பினர். ஆண்டுதோறும் இதுதான் நடக்கிறது, ஆண்டுதோறும் நாமும் அதை எதிர்பாராதவர்கள்போல் நிற்கிறோம்.

செப்டம்பரின் கடைசி உள்ளூர் ஆட்டத்தை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன். நமது களத்தில் விளக்குகள் இல்லை. ஜூனில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கினாலும் வெளிச்சத்துக்குக் குறைவில்லை, செப்டம்பரில் ஐந்தரைக்கே தொடங்கியாக வேண்டும். அன்று சீருடை அணிந்தவர்கள் சரியாகப் பதினொருவர். மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் பயிற்றுநரின் மேற்சட்டை மட்டும் கிடந்தது, ஏனெனில் பயிற்றுநரே நடுக்களத்தில் ஆடினார். கோல்காப்பாளர் ஆலையிலிருந்து நேரே வந்தவர்; கையுறையை மாட்டும் முன் விரல்களில் ஒட்டியிருந்த செதிலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். இடைவேளைக்குப் பின் இடப்புறத் தற்காப்பாளருக்குத் தொடைத்தசை பிடித்துக்கொண்டது. வெளியேறினால் பத்துப் பேராகிவிடுவோம் என்று அவர் முன்வரிசைக்குப் போய் நின்று, ஓட முடியாமலேயே எதிரணியின் தற்காப்பாளர் ஒருவரைத் தன்னோடு கட்டிவைத்திருந்தார். சாலையோரம் நிறுத்திய கார்களில் இருந்தவர்கள் முகப்பு விளக்குகளைப் போட்டார்கள். நடுவர் அணைக்கச் சொன்னார், கண் கூசுகிறது என்றார். ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். ஆனால் ஒரு ஆட்டத்தைக்கூட ஆள் இல்லாமல் நாம் விட்டுக்கொடுக்கவில்லை, அபராதமும் கட்டவில்லை.

பயணம் எப்போதும்போல் பெருஞ்செலவு. தலைநகரப் பகுதிக்கு ஒரு வழிக்கே 650 கிலோமீட்டருக்கு மேல். விளையாட்டுக் கழகங்களுக்கான தேசியப் பயண நிதியிலிருந்து உதவி வந்தது. எகில்ஸ்தாதிரிலிருந்து விமானத்தில் சென்றவர்கள் தொலைவில் வாழ்வோருக்கு அரசு தரும் 40 விழுக்காட்டுக் கட்டணச் சலுகையைப் பயன்படுத்தினர். ஆனால் ஒருவருக்கு ஆண்டில் மூன்று முறை போய்வரத்தான் அது செல்லும். மருத்துவரிடம் போகவேண்டிய சலுகையைச் சிலர் கழகத்துக்காகச் செலவிட்டிருக்கிறார்கள். இதை நாம் இனியும் அவர்களிடம் கேட்கக் கூடாது.

இனித் தீர்மானம். அண்டைக் கழகத்துடன் சேர்ந்து ஒரே ஆண்கள் அணியாக 2024இல் பதிவு செய்வது என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பெயர் போய்விடும், பாட்டன்மார் அணிந்த நிறம் போய்விடும் என்ற வருத்தம் எனக்கும் உண்டு. என் தந்தை அந்தச் சீருடையில்தான் ஆடினார். ஆனாலும் இந்தக் கோடையைப் பாருங்கள். இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்றது தால்விக்/ரேய்னிர், ஓர் ஊரின் பெயரையும் அண்டைக் கழகத்தின் பெயரையும் சாய்கோட்டால் சேர்த்துக்கொண்ட அணி. செப்டம்பர் 30 அன்று ரேக்யவிக்கின் லாய்கார்தால் அரங்கில், முதன்முறையாக நடத்தப்பட்ட ஏற்றத் தொடரின் இறுதியாட்டத்தில், கூடுதல் நேரத்தில் ஆஃப்துரெல்திங்கை 1-0 என வென்று உச்சநிலைக்குப் போனது வெஸ்த்ரி. மேற்கு ஃபியோர்டுக் கழகங்கள் 2016இல் ஒன்றுபட்டு எடுத்துக்கொண்ட பெயர் அது. நம் பகுதியிலேயே நெஸ்கைப்ஸ்தாதூர், எஸ்கிஃப்யோர்துர், ரேய்தார்ஃப்யோர்துர் ஆகிய மூன்று ஊர்களும் 2001இல் சேர்ந்தன. கடந்த ஆண்டு ஃபாஸ்க்ரூஸ்ஃப்யோர்துரும் இணைந்து கே.எஃப்.ஏ. என்ற ஒரே கழகம் ஆனது. கிழக்குப் பகுதிப் பெண்கள் அணிகள் தயங்கி நிற்காமல் ஒன்றாகி, எஃப்.எச்.எல். என்ற பெயரில் 2023இல் இரண்டாம் நிலையில் ஆடின.

இதை இயலச் செய்தவை சுரங்கச் சாலைகள். ஃபாஸ்க்ரூஸ்ஃப்யோர்துர்ச் சுரங்கம் 2005இல் திறந்தது. ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளமுள்ள நோர்துஃப்யோர்துர்ச் சுரங்கம் 2017இல் திறந்தபின், ஒத்ஸ்கார்த் மலைக்கணவாயின் பனியில் காத்துக்கிடந்த காலம் முடிந்தது. ஒரு மாலைப் பயிற்சிக்குப் போய் இரவு உணவுக்கு வீடு திரும்பலாம்.

இளையோர் அணிகள் ஏற்கெனவே கூட்டாகத்தான் பயில்கின்றன. அவை பற்றித் தனி அறிக்கை உண்டு. கணக்குகளைப் பொருளாளர் வைப்பார். ஓட்டுநர்களுக்கும், கோடு போட்டவர்களுக்கும், சீருடை துவைத்த மூன்று குடும்பங்களுக்கும் கழகத்தின் நன்றி.

உள்ளூர் ஆட்டங்களில் பாதியாவது நமது களத்திலேயே நடைபெற வேண்டும் என்ற நிபந்தனையைத் தீர்மானத்தில் சேர்த்திருக்கிறோம். அண்டைக் கழகத்தார் அதற்கு வாய்மொழியாக இசைந்துள்ளனர், எழுத்தில் பெற்ற பின்னரே கையொப்பமிடுவோம். உறுப்பினர்கள் இதை விவாதித்து இன்றே வாக்களிக்குமாறு கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையை அவையின் ஏற்புக்கு வைக்கிறேன்.

செயலாளர்