என்ஜினை இறக்கும் முன் பாயிண்டைப் பார்

கோபிசெட்டிபாளையம்

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டதிலிருந்து நடவு வேலை ஓயவில்லை, இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. தென்னையில் வெள்ளை ஈ என்று எழுதியிருந்தாய், இங்கேயும் அதே பாடுதான். மூத்தவளுக்குப் பையன் பிறந்திருக்கிறான். தாயும் பிள்ளையும் நலம். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

எனக்கு உறுத்துவது உங்கள் அப்பாருடைய அம்பாசிடர் சமாச்சாரம். ஆழியாரைத் தாண்டி வால்பாறைக்கு ஏறினால் இழுவையே இல்லை, பாதி மலையில் தண்ணீர் கொதிக்கிறது, பட்டறையில் என்ஜினை இறக்கச் சொல்கிறார்கள், இல்லாவிட்டால் வந்த விலைக்குக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள் என்கிறாய். இரண்டையும் இப்போதைக்குச் செய்யாதே. என் வண்டிக்கு இதே நோய் வந்தது.

போன வருடம் தாளவாடியில் ஒரு சீருக்குப் போனோம். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவிலேயே ஆவி கிளம்பிவிட்டது. திரும்பி வந்து ஒரு பட்டறையில் விட்டேன். முதலில் கார்பரேட்டரைக் கழற்றினார்கள், பிறகு ரேடியேட்டரை அலசினார்கள், கடைசியில் ரிங் தேய்ந்துவிட்டது என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் சின்ன சுவிட்சுதான் பாயிண்ட். பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் ஃபீலர் கேஜின் 0.008 அளவுத் தகடே இறுக்கமாகத்தான் நுழைந்தது.

காரணம் சின்னது. பாயிண்டின் ஃபைபர் குதிகால், நடுவில் சுழலும் மேடுள்ள தண்டான கேமின் மேல் உரசிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கேமில் துளி கிரீஸ் தடவ வேண்டும், யாரும் தடவவில்லை. குதிகால் தேயத் தேய இடைவெளி குறைகிறது. இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கிறது, பொறியும் தாமதமாகிறது. பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கிய பிறகும் பெட்ரோல் எரிந்துகொண்டிருந்தால் தள்ள வேண்டிய சக்தி சூடாக மாறிச் சுவரிலும் எக்ஸாஸ்டிலும் போய்விடும். இழுவை குறைந்ததும் தண்ணீர் கொதித்ததும் இந்த ஒரே காரணத்தால்தான். ரேடியேட்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அதனால் வரிசை முக்கியம். முதலில் பாயிண்ட், அப்புறம் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், கார்பரேட்டர் கடைசி. டைமிங் வைத்துவிட்டுப் பாயிண்டைத் தொட்டால் வைத்த டைமிங் கலைந்துவிடும்.

நாலு பிளக்கையும் கழற்றிவிடு, என்ஜின் லேசாகச் சுற்றும். குதிகால் கேமின் மேட்டில் நிற்கும்போது 0.015 தகடு லேசான பிடிப்போடு போய்வர வேண்டும். பாயிண்ட் முகம் கருகிக் குழி விழுந்திருந்தால் பாயிண்டையும், அது கருகாமல் காக்கும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்று. பிளக் இடைவெளி 0.025 அங்குலம்.

டைமிங்குக்குப் பெரிய கருவி வேண்டாம். இரண்டு ஒயர் பிடித்த ஒரு 12 வோல்ட் சின்ன பல்ப் போதும். முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக்கொள், யாரையாவது ஹேண்டிலைச் சுற்றச் சொல். காற்று விரலைத் தள்ளினால் அதுதான் கம்ப்ரஷன். இதைத் தவறவிடாதே. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று வரும். ஆகவே கிராங்க் முனையில் உள்ள புல்லியின் வெட்டு குறிக்கு நேராக வந்தாலே போதும் என்று நினைத்துவிட்டால் எக்ஸாஸ்ட் முடியும் இடத்தில் நின்றுகொண்டு குழம்புவாய். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுழலும் ரோட்டார் ஒன்றாம் நம்பர் பிளக் ஒயரைப் பார்க்கிறதா என்று பார்த்துவிடு. புத்தகத்தில் சொன்ன டிகிரிக்கு நேராக வெட்டை நிறுத்து. பல்பின் ஒரு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு முனையிலும் மற்றதைப் பாடியிலும் கொடுத்துச் சாவியைப் போடு. கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்பு. பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்ப் எரியாது. திறக்கும் அந்த நொடியில் பளிச்சென்று எரியும். அங்கேயே முடுக்கு. முடுக்கும்போது நகர்ந்துவிடும், அதனால் ஹேண்டிலை இரண்டு சுற்று சுற்றி இன்னொரு முறை பார்.

கார்பரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்யூம் குழாயைக் கார்பரேட்டர் பக்கம் கழற்றி, வாயால் உறிஞ்சி நாக்கால் அடை. உள்ளே பாயிண்ட் தட்டு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். உடனே திரும்பிவிட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

புத்தகத்து டிகிரி அந்தக் காலத்துப் பெட்ரோலுக்குப் போட்டது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அதனால் கடைசித் தீர்ப்பைச் சாலைதான் சொல்லும். டாப் கியரில் 40ல் போகும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் என்ஜின் ஒரு நொடி லேசாகத் தட்டிவிட்டு அந்தச் சத்தம் நின்றுவிட வேண்டும். விடாமல் கிணிகிணி என்று தட்டினால் டைமிங் முன்னால் இருக்கிறது, ஒரு மயிரிழை பின்னுக்குத் தள்ளு. பெட்ரோல் ரப்பர் குழாய்கள் பழசாக இருந்தால் இந்தக் கையோடு மாற்றிவிடு. எத்தனால் அவற்றைச் சீக்கிரம் தின்றுவிடும்.

நான் இதெல்லாம் செய்த மறுவாரம் அதே திம்பம் ஏறினேன். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை. உச்சியில் இறங்கி பானட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு உங்கள் அப்பாருவை நினைத்துக்கொண்டேன். ஹாஸ்டல் லீவில் உங்கள் தோட்டத்துக்கு வந்தபோது நம் இருவருக்கும் அந்த ஹேண்டிலைச் சுற்றப் பழக்கிவிட்டவர் அவர்தானே. கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வை, எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு போய்விடும் என்று எத்தனை முறை அதட்டியிருப்பார். அந்த வண்டியை விற்காதே மாப்ள.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் பொள்ளாச்சி வருகிறேன். ஃபீலர் கேஜும் பல்பும் என்னிடம் இருக்கின்றன, பாயிண்ட் செட்டும் கண்டென்சரும் வரும் வழியில் கோயம்புத்தூரில் வாங்கிக்கொள்கிறேன். அதுவரை என்ஜினில் யாரையும் கை வைக்க விடாதே. தங்கச்சியிடம் சொல்லி மதியத்துக்கு அரிசியும் பருப்பும் சாதம் செய்யச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்