இந்த வாரப் பேச்சு: மலாவி

அன்பு நண்பர்களே, சனிக்கிழமை இரவு 8 மணிக் கூட்டத்தில் தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவியில் கிறிஸ்தவ ஊழியம் வேரூன்றிய கதையைப் பேசுகிறோம். வரும்போது வரைபடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். ஏரியை ஒட்டி நீளமாகக் கிடக்கும் நாடு அது.

ஸ்காட்லாந்தின் பிரஸ்பிட்டேரியன் என்னும் புராட்டஸ்டன்ட் சபையின் மிஷனரி ஊழியர்கள் 1875-இல் அந்த ஏரியின் தென்முனையில், கேப் மக்ளியரில் இறங்கினார்கள். மலேரியா பலரைக் கொண்டுபோனது. 1881-இல் ஏரிக்கரையில் இருக்கும் பண்டாவேக்கு மாறினார்கள். 1894-இல் அவர்களில் ஒருவரான டாக்டர் ராபர்ட் லாஸ் கொண்டோவே மலைமேல் ஏறி லிவிங்ஸ்டோனியா என்ற ஊழிய மையத்தை அமைத்தார். அங்கே வேதபாடம் மட்டும் இல்லை. ஆசிரியர் பயிற்சி, தச்சு, கொத்து வேலை, அச்சு எல்லாம் உண்டு. 2003-இல் அதே மலையில் திருச்சபையின் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது.

லாஸ் பெயர் எல்லாருக்கும் தெரியும். எனக்கென்னவோ வில்லியம் கோயியைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் மிஷன் பள்ளியில் படித்த கோசா இனத்தவர், 1876-இல் இந்த ஊழியத்துக்கு வந்தார். அந்தப் பகுதியில் வாழ்ந்த ங்கோனி மக்களின் பேச்சு அவருடைய தாய்மொழிக்கு நெருக்கம். அதனால் வெள்ளைக்கார ஊழியர்கள் தடுமாறிய இடத்தில் அவரால் உட்கார்ந்து பேச முடிந்தது. 1886-இல் அங்கேயே இறந்தார். புத்தகங்களில் அவருக்கு இரண்டு பத்திதான் கிடைக்கிறது!

அப்புறம், மலாவியின் தெற்கில் உள்ள பிளான்டையர் நகரத் தேவாலயத்தின் படம் வைத்திருப்பவர்கள் குழுவில் போடுங்கள். கட்டடக்கலை படிக்காத ஸ்காட்லாந்து மிஷனரி டேவிட் கிளெமென்ட் ஸ்காட், உள்ளூர் ஆட்களோடு 1888 முதல் 1891 வரை செங்கல் செங்கலாகக் கட்டியது.

இணைப்பு சனி மாலை வரும். பேசாத நேரத்தில் மைக்கை அணைத்து வையுங்கள், சரியா?