ரேடியோ அலையில் சுடும் லேசர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இணைய விளையாட்டுகளைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பணம் கட்டிச் சூதாடிக் குடும்பங்கள் நொடித்துப்போவதைப் பற்றி அதில் எழுதியிருந்த பகுதியில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால், பலர் சேர்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்று, ஒரே கற்பனை உலகில் ஆண்டுக்கணக்கில் ஆடும் விளையாட்டுகளையும் அதே பத்தியில் அடைத்து, அங்கே கூட்டமாகக் கூடிச் சுடுவதைத் தவிர வேறொன்றும் நடப்பதில்லை என்று கட்டுரையாளர் முடித்திருப்பது சரியன்று. மேல்நிலை வகுப்புகளுக்கு முப்பத்தொரு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான், ஆறு ஆண்டுகளாக அத்தகைய விளையாட்டு ஒன்றில் ஓர் அணியின் உறுப்பினராக இருக்கிறேன். அங்கே சுடுவதும் உண்டு. அந்தச் சுடுதலின் அறிவியல் ஓரிடத்தில் தலைகீழாக இருப்பதும் உண்டு. அந்தத் தவற்றைப் பற்றியும், அதைச் சோதித்துப் பார்க்க எங்கள் அணி முனைந்ததைப் பற்றியும் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன்.

விளையாட்டின் பெயர் ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரில் உள்ள சிசிபி நிறுவனம் 2003 மே மாதத்தில் வெளியிட்டது. நம் சூரியக் குடும்பம் போன்ற விண்மீன் மண்டலங்கள் ஏழாயிரத்துக்கும் மேல் கொண்ட ஒரு கற்பனைப் பேரண்டம் அது. சீனாவுக்குத் தனி ஏற்பாடு இருப்பதைத் தவிர, உலகின் எந்த மூலையிலிருந்து நுழைந்தாலும் எல்லோரும் அந்த ஒரே அண்டத்தில்தான் வந்து சேர்வார்கள். நாள்தோறும் உலகப் பொது நேரப்படி (UTC) 11 மணிக்கு, அதாவது நமக்கு மாலை 4.30 மணிக்கு, பராமரிப்புக்காகச் சிறிது நேரம் மூடுவார்கள். எங்கள் அணியில் இங்கிலாந்து, போலந்து, கனடா, சிங்கப்பூர் எனப் பல நாட்டவர் இருப்பதால், இரவு எட்டு மணிக்குச் சந்திப்போம் என்று யாரும் சொல்வதில்லை; யாருடைய எட்டு மணி என்ற கேள்வி உடனே வரும். எல்லாக் கணக்கும் அந்தப் பொது நேரத்தில்தான்.

கட்டுரையாளர் கூட்டம் என்று எழுதியிருந்த அணி எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். நாங்கள் பெரும்பாலும் செலுத்துவது ‘செலட்’ என்னும் லேசர் கப்பல். சுடுபவர்கள் எல்லோரும் ஒரே வகைக் கப்பலை, ஒரே விதமான கருவிகளோடு கொண்டுவர வேண்டும் என்பது முதல் விதி. ஒருவருடைய கப்பல் மட்டும் வேகம் குறைந்ததாக இருந்தால் மொத்த அணியும் அவருக்காக நிற்க நேரும். எதிரியின் இருப்பிடத்தைப் பார்த்துவரச் சாரணர் ஒருவர் முன்னே போவார். கமாண்டர் ஒருவர் மட்டுமே பேசுவார். மற்றவர்கள் கேட்டுச் செயல்படுவார்கள். என்னுடைய பணி சுடுவதன்று. ‘கார்டியன்’ என்னும் பழுதுநீக்கும் கப்பல்கள் நாலைந்தில் ஒன்றைச் செலுத்துகிறேன். அடிபட்டவர் ஒரு பொத்தானை அழுத்தி உதவி கேட்டதும், கார்டியன்கள் அனைத்தும் அந்தக் கப்பலின் கவசத்தைச் செப்பனிடத் தொடங்க வேண்டும்.

இந்தக் கார்டியன்கள் தனித்து நிற்க இயலாதவை. செப்பனிடுவதற்குத் தேவைப்படும் மின்னாற்றல் தன் கப்பலில் மட்டும் போதாது என்பதால், பெயர்களை அகர வரிசையில் அடுக்கி, ஒவ்வொருவரும் பட்டியலில் தமக்கு மேலே உள்ளவருக்கும் கீழே உள்ளவருக்கும் ஆற்றலை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசியில் இருப்பவர் முதலில் இருப்பவருக்கு அனுப்புவார். இதைச் சங்கிலி என்கிறோம். ஒருவர் தேநீர் எடுக்க எழுந்து போனாலும் சங்கிலி அறுந்து, அடுத்த சில நொடிகளில் எல்லோருடைய ஆற்றலும் வடியத் தொடங்கும். நான் எழுந்து போனதில்லை. பதினேழு வயதுக் கல்லூரி மாணவர் ஒருவரும், அறுபதைக் கடந்த நானும், நேரில் ஒருபோதும் சந்தித்திராத வேறு மூவரும் இரண்டு மணி நேரம் ஒருவரையொருவர் தாங்கிப்பிடிப்பதை எந்தப் பெயரால் அழைப்பது என்பதைக் கட்டுரையாளரின் முடிவுக்கே விடுகிறேன்.

இது சிறிய அளவில் நடப்பது. 2014 ஜனவரி 27, 28 தேதிகளில் இதே விளையாட்டில் பி-ஆர்5ஆர்பி என்னும் மண்டலத்தில் நடந்த போரில் 7,500-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ஏறத்தாழ 21 மணி நேரம் நீடித்த அந்தப் போரில் மிகப் பெரிய கப்பல்கள் 75 அழிந்தன. அந்த மண்டலத்தின் உரிமைக் கட்டணம் உரிய நேரத்தில் செலுத்தப்படாமல் விடுபட்டதுதான் தொடக்கம். உலகின் பல செய்தி நிறுவனங்கள் இழப்பை டாலரில் கணக்கிட்டுத் தலைப்பிட்டன. நெரிசல் மிகும்போது கணினி ஒருவரையும் வெளியே தள்ளாமல், விளையாட்டின் காலத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்துவிடும் ஏற்பாடு அங்கே உண்டு. ஒரு நொடியில் முடிய வேண்டியது பத்து நொடியில் முடியும். அந்த நத்தை வேகத்தில், முறை வைத்து உறங்கி எழுந்து, கண்டங்கள் மாறி மாறிப் பொறுப்பை ஒப்படைத்து ஆயிரக்கணக்கானோர் ஒழுங்கு குலையாமல் இருந்ததே டாலர்க் கணக்கைவிட எழுதத்தக்க செய்தி என்பது என் கருத்து.

இனி லேசருக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் லேசர் பீரங்கிக்குக் குண்டு கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு படிகத்தைப் பொருத்த வேண்டும். ரேடியோ, மைக்ரோ அலை, அகச்சிவப்பு, இயல்பு, புற ஊதா, எக்ஸ் கதிர், காமா, பல அதிர்வெண் என எட்டு வகைப் படிகங்கள் உண்டு. படிகத்தை ஏறத்தாழ நொடிப்பொழுதில் மாற்றிவிடலாம் என்பதால், எதிரி நெருங்கும்போதும் விலகும்போதும் கமாண்டர் ஒரு சொல் சொல்ல, அணி முழுவதும் ஒரே நேரத்தில் படிகம் மாற்றுவது லேசர் அணிகளின் தனிச் சிறப்பு. ரேடியோ படிகம் மிகத் தொலைவு எட்டும், ஆனால் தாக்கம் மிகக் குறைவு. காமாவும் பல அதிர்வெண்ணும் அருகில் மட்டுமே எட்டும், தாக்கம் மிக அதிகம். இதுதான் அங்குள்ள விதி.

இந்த விதியில் பாதி பொருத்தமானது. ரேடியோவிலிருந்து காமாவை நோக்கி அதிர்வெண் கூடக் கூட, அதாவது அலைநீளம் குறையக் குறைய, ஒவ்வொரு ஃபோட்டானின் (ஒளித்துகளின்) ஆற்றலும் கூடும் என்பதை நம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் அறிவார்கள். மற்றப் பாதி இயற்கைக்கு நேர் எதிரானது. எந்த ஒளிக்கற்றையும் தான் வெளிவரும் துளையின் விளிம்பில் வளைந்து விரியும். அந்த விரிவு அலைநீளத்துக்கு நேர்விகிதத்திலும் துளையின் விட்டத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். பாடநூலில் விளிம்பு விளைவு என்று படிப்பது இதைத்தான். ஒரு மீட்டர் விட்டமுள்ள ஆடியிலிருந்து 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கற்றையை 100 கிலோமீட்டர் தொலைவில் குவித்தால், விளிம்பு விளைவு மட்டும் கணக்கில் வருமானால், அங்கே விழும் வட்டம் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர்தான் இருக்கும். அதே ஆடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அலைநீளமுள்ள மைக்ரோ அலையை அனுப்பினால் வட்டம் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டருக்கு விரிந்துவிடும். ஆற்றல் அத்தனை பரப்பிலும் பங்கிடப்படும்போது, ஓரிடத்தில் விழும் செறிவு முன்னதில் நூறு கோடியில் ஒரு பங்குகூட இராது. ஒரு மீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலைக்கு அந்த ஆடியிலிருந்து கற்றை என்றே ஒன்று கிடையாது. குளத்தில் கல்லெறிந்தால் எழும் அலைபோல் அது எல்லாப் பக்கமும் பரவும். ஆகவே மிகத் தொலைவு எட்ட வேண்டியது குறைந்த அலைநீளம். ரேடியோ படிகத்துக்குக் கடைசி இடம்கூடக் கிடைக்காது.

படிகம் என்ற கற்பனையை நான் குறை கூறவில்லை. 1960 மே 16 அன்று அமெரிக்காவில் தியோடர் மைமன் இயக்கிக் காட்டிய முதல் லேசரில் இருந்தது ஒரு மாணிக்கப் படிகம்; அதிலுள்ள குரோமிய அணுக்களே அந்த ஒளியின் அலைநீளம் 694.3 நானோமீட்டர் என்று முடிவு செய்தன. பொருளை மாற்றினால் அலைநீளம் மாறும் என்பது மெய். மகாராட்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய கார்பன் டை ஆக்சைடு லேசர் அகச்சிவப்பில், 10.6 மைக்ரோமீட்டரில் ஒளிர்கிறது. இன்றும் உலோகத் தகடுகளை வெட்டுகிறது. எக்ஸ் கதிர் லேசருக்குப் படிகம் போதாது. ஜெர்மனியில் 2017-இல் செயல்படத் தொடங்கிய ஐரோப்பிய எக்ஸ் கதிர் லேசர் நிலையம் 3.4 கிலோமீட்டர் நீளமுடையது. காமாக் கதிர் லேசரை இதுவரை ஒருவரும் உருவாக்கவில்லை.

இவற்றை ஒருநாள் அணியில் எடுத்துச் சொன்னபோது, விளையாட்டுத்தானே என்று ஒருவர் கடந்து போகப் பார்த்தார். நான் அதை ஏற்கவில்லை. ஆறு ஆண்டுகள் நாள்தோறும் கைப்பழக்கமாகிவிட்ட ஒரு விதி, பாடநூலில் ஒரு முறை படித்த சூத்திரத்தைவிட ஆழமாக மனத்தில் பதியும் என்பதை வகுப்பறையில் கண்டிருக்கிறேன். போலந்து நாட்டவர் ஒருவர் அளந்து பார்த்துவிடலாமே என்றார். எட்டுப் பேர் முன்வந்தோம். அலுமினியத் தாளில் மெல்லிய ஊசியால் ஒரு துளையிட்டு, அதன் வழியே 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் சுட்டியையும், பிறகு 532 நானோமீட்டர் பச்சை லேசர் சுட்டியையும் செலுத்தி, ஐந்து மீட்டர் தொலைவில் ஒட்டிய வெள்ளைத் தாளில் விழும் நடுவட்டத்தை அளப்பது திட்டம். ஊசியும் துளையும் வீட்டுக்கு வீடு வேறுபடுவதால் அளவுகள் ஒத்துப்போகா; ஆனால் சிவப்பு வட்டத்தைப் பச்சை வட்டத்தால் வகுத்தால் எல்லா வீட்டிலும் 650-ஐ 532-ஆல் வகுத்தால் வரும் 1.22-ஐ ஒட்டிய விடை வர வேண்டும்.

என் வீட்டில் சிவப்பு 26 மில்லிமீட்டரும் பச்சை 21.5 மில்லிமீட்டரும் வந்தன. ஏழு பேருடைய விடை 1.2-க்கும் 1.25-க்கும் இடையில் அமைந்தது. சிங்கப்பூர் உறுப்பினருக்கு மட்டும் 1.5 வந்தது. போரில் தவறு நேர்ந்தால் பதிவைப் பின்னோக்கிப் பார்க்கும் அதே பொறுமையோடு அவருடைய படங்களை எல்லோரும் பார்த்தோம். சுட்டியை மாற்றும்போது தாள் இழுபட்டுத் துளை பெரிதாகிவிட்டிருந்தது தெரிந்தது. மறுநாள் மறுபடி செய்தார், சரியாக வந்தது. ஒளி மெய்யாகவே அலைநீளத்துக்கு ஏற்ப விரிகிறது என்பதை அன்று ஐந்து நாடுகளில் கண்ணால் கண்டோம். லேசரை நேராகக் கண்ணில் படவிடக் கூடாது என்பதையும், பிரதிபலிக்கும் பரப்புகளை அறையிலிருந்து அகற்ற வேண்டும் என்பதையும் முதல் விதியாக வைத்திருந்தோம்.

விண்வெளியில் லேசர்க் கற்றை பக்கவாட்டில் தெரிவது, வெப்பத்தை வெளியேற்றும் சிக்கல் பெரிதாகக் கணக்கில் வராதது போன்ற வேறு பிழைகளும் அங்கே உண்டு. ஒளியைச் சிதறடிக்க ஏதேனும் இருந்தால்தான் கற்றை பக்கவாட்டில் தெரியும்; வகுப்பறையிலும் அதற்குச் சாம்பிராணிப் புகை வேண்டும். வெப்பத்தின் கதை இன்னும் பெரிது; அதை இங்கே விரிக்கவில்லை.

இதே விளையாட்டுக்குள் மெய்யான லேசர் அறிவியல் நடந்ததைக் கட்டுரையாளர் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 2016 முதல் ‘புராஜெக்ட் டிஸ்கவரி’ என்ற பெயரில் ஆராய்ச்சித் தரவுகளை ஆட்டக்காரர்கள் விளையாட்டுக்குள்ளேயே வகைப்படுத்தி வருகிறார்கள். முதலில் மனித உயிரணுக்களில் புரதங்களின் படங்கள், பிறகு பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களின் தடங்கள். 2020-இல், கொரோனா தொற்றியோரின் இரத்த அணுக்கள் பற்றிய தரவு வந்தது. இரத்த அணுக்களை ஒவ்வொன்றாக ஒரு லேசர்க் கற்றையைக் கடந்து ஓடவிட்டு, அவை சிதறடிக்கும் ஒளியையும் உமிழும் ஒளிர்வையும் அளந்து புள்ளிகளாகக் குறிக்கும் முறை அது. பெரும்பாலும் 488 நானோமீட்டர் நீல லேசர் பயன்படும். திரையில் விண்மீன் கூட்டம்போல் சிதறிக் கிடக்கும் அந்தப் புள்ளிகளில் எவை ஒரே வகை அணுக்கள் என்று கோடிட்டுச் சூழ்ந்து காட்டுவது எங்கள் வேலை. ஒரே படத்தைப் பலரிடம் கொடுத்து, விடைகளை ஒப்பிட்டே ஏற்பார்கள். ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்த அந்த மாதங்களில் நான் கோடிட்ட படங்களை எண்ணிவைக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் முகம் தெரியாத ஒரு நோயாளியின் இரத்தம் என்ற நினைவோடுதான் கோடிட்டேன்.

குறைகளை மறைக்கவில்லை. ஐரோப்பியர்களின் மாலை நமக்கு நள்ளிரவாகிவிடுவதால் உறக்கம் கெடுகிறது. தேர்வு நாட்களில் இரவு ஒரு மணிக்கு அணியில் நின்ற மாணவர்களைக் கண்டு நான் வருந்தியிருக்கிறேன். எங்கள் அணியில் மாணவர்கள் அவரவர் ஊர் நேரப்படி இரவு 9.30 மணிக்குமேல் இருக்கக் கூடாது என்ற விதியைப் போராடிக் கொண்டுவந்தோம். அந்த நேரத்துக்குமேல் அவர்கள் இல்லாமலே திட்டமிட வேண்டியிருப்பதால் கமாண்டருக்குக் கூடுதல் வேலைதான். பிற அணிகளில் இத்தகைய விதி இருப்பது அரிது. பெற்றோர் கேட்டறிய வேண்டியது இதைத்தான். பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை ஒரு வகையாகவும், மின்விளையாட்டுகளையும் சமூக விளையாட்டுகளையும் வேறு வகைகளாகவும் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டமே பிரித்திருக்கும்போது, நாளிதழ் அவற்றை ஒன்றாக்க வேண்டிய தேவை என்ன?

ஞாயிறு இணைப்பில் அறிவியலுக்கென்று தாங்கள் ஒதுக்கும் அரைப் பக்கத்தில், அந்த ஊசித்துளைச் சோதனையைப் பாதுகாப்பு விதிகளோடு ஒரு வாரம் வெளியிட வேண்டுகிறேன். எட்டு வீடுகளின் அளவுகளையும், சிங்கப்பூரில் பிசகிய முதல் அளவு உட்பட, ஓர் அட்டவணையாக இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தென்காசி.