பொருள்: காம்பஸை மாற்றித் தருவது அல்லது பணத்தைத் திருப்பித் தருவது குறித்து – நான்காவது கடிதம்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் நீரோடியிலிருந்து எழுதுகிறேன். ஃபைபர் வள்ளம் (படகு) வைத்திருக்கிறேன், நாலு பேராக மீன்பிடித் தொழிலுக்குப் போகிறோம். எந்த மாடல், எந்தத் தேதி என்றெல்லாம் மறுபடி விளக்கப் போவதில்லை, முந்தைய மூன்று கடிதத்திலும் இருக்கிறது. அந்தக் கறுப்புக் கிண்ண மாடல்தான். அதன் கோளாறு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

முதலில் போன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எழுத வராது. உங்கள் இலவச எண்ணில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒருவர் வந்தார். டயல் சாய்ந்து நிற்கிறது என்று நான் ஆரம்பித்ததுமே, "மொபைல்ல காம்பஸ் ஆப் இருக்கே சார், அதைப் பாத்து ஓட்டுங்க. இந்தக் காலத்துல யாரு சார் காம்பஸ் வாங்குறா?" என்றார். காம்பஸ் விற்கிற கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்! அதோடு ஒரு சிரிப்பு வேறு. 2017இல் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் கரைகளில் எத்தனை வீட்டுக்கு ஆள் திரும்பவில்லை என்று அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் சிரிக்க வேண்டாம்.

அவர் சொன்னார் என்று போனையும் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போன் ஸ்பீக்கரில் இருக்கிற காந்தத்துக்கு உங்கள் டயல் அப்படியே ஒதுங்கிக்கொண்டது. இதுதான் நீங்கள் சொல்லித் தருகிற வழி.

பொருத்துகூலி 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு நீங்கள் அனுப்பிய பையன், வயர்லெஸ் செட்டின் ஸ்பீக்கருக்கு ஒரு சாண் தள்ளி, பேட்டரிப் பெட்டிக்கு நேர் மேலே காம்பஸை வைத்து முடுக்கினான். "ஏன் தம்பி இங்கே?" என்று கேட்டேன். "இங்கே ஏற்கெனவே துளை இருக்குண்ணே" என்றான். ஸ்பீக்கர், பேட்டரி வயர், இரும்பு எல்லாவற்றுக்கும் ஒரு மீட்டராவது விலகி இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கண்ணாடிக்குள் இருக்கிற நேர்க்கோடு வள்ளத்தின் அணியத்திலிருந்து (முன்முனை) அமரத்துக்கு (பின்முனை) போகிற நடுக்கோட்டோடு ஒத்துப்போக வேண்டும். அதையும் அவன் பார்க்கவில்லை, கண்மட்டத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லிக் கொடுக்காமல் அனுப்பியது நீங்கள்.

அப்புறம் அந்த நாலு ஸ்குரு. காம்பஸைக் கழற்றி வீட்டு முற்றத்தில் மர ஸ்டூலில் வைத்துவிட்டு, ஒரு ஸ்குருவை மட்டும் நூலில் கட்டிக் கிட்டே கொண்டுபோனேன். டயல் அசைந்தது. இன்னும் கிட்டே கொண்டுபோனேன், பத்துப் பன்னிரண்டு டிகிரி திரும்பி ஸ்குருவையே பார்த்துக்கொண்டு நின்றது. பித்தளை ஸ்குரு போட வேண்டிய இடத்தில் மேலே பித்தளை நிறம் பூசிய இரும்பு ஸ்குரு! அதுவும் உங்கள் டப்பாவிலேயே வந்தது.

ஒரு டிகிரி தவறினால் 60 நாட்டிக்கல் மைலில் ஒரு மைல் விலகும். பத்து டிகிரி தவறினால் 40 மைலில் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் கடலில் போட்டுப் பார்த்துவிட்டோம். ஜிபிஎஸ் சார்ஜ் இறங்கிய ராத்திரி, தேங்காப்பட்டணம் நோக்கி வருகிறோம் என்று நினைத்துக்கொண்டு வந்தால் விழிஞ்ஞம் துறைமுகத்து விளக்குகள் வர வேண்டியதைவிடக் கிட்டே தெரிகின்றன. பூவாறு பொழிமுகத்துக்கு (ஆறு கடலில் சேருகிற இடம்) நேரே நிற்கிறோம். திரும்பி வர மண்ணெண்ணெய், ஏலத்துக்குத் தாமதம், ஐஸ் கரைந்து பாதி கணவாய் நிறம் மாறிவிட்டது. எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் நஷ்டம் என்று சொல்லுவேன். நாலு குடும்பத்து நிம்மதியை அதில் சேர்க்கவில்லை.

சரி, எறணாகுளம் போன கதை. என் வீட்டுப் பின்வாசலில் நின்று கல்லெறிந்தால் கேரளத்தில் விழும். சென்னையைக் கேட்டால், "பில் கேரளத்தது, கொச்சியைக் கேளுங்கள்." கொச்சியைக் கேட்டால், "உங்கள் பின்கோடு தமிழ்நாடு, சென்னையைக் கேளுங்கள்." கடைசியில் நேரில் கொண்டுவாருங்கள் என்றீர்கள். விடியக்காலை பாறசாலையில் ரயிலேறி, துண்டில் சுற்றிய காம்பஸைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மேசையில் இருந்த பெண் தலை நிமிராமல், "எஞ்சினியர் லீவாணு சேட்டா, அடுத்த வாரம் வரூ" என்றார். சேட்டா என்று சொன்னார், அதற்கு நன்றி. ஆனால் வரச்சொன்ன தேதி நீங்கள் கொடுத்தது. அன்றைக்குத்தான் எங்கள் கரையில் எல்லா வள்ளத்துக்கும் கணவாய் கிடைத்தது. நான் ரயிலில் கட்லெட் தின்றுகொண்டிருந்தேன்.

இனி முக்கியமானது, இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். இரும்பே இல்லாத இடத்தில் வைத்தாலும் உங்கள் டயல் தெற்குப் பக்கம் தாழ்ந்து கிண்ணத்தில் உரசுகிறது. கப்பல் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற எங்கள் ஊர் மாமா ஒருவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மக்களே, இது வெள்ளைக்காரன் கடலுக்கு எடை போட்டது" என்றார். வட ஐரோப்பாவில் முள்ளின் வடக்கு முனை 60 டிகிரிக்கும் அதிகமாகக் கீழே இழுபடும், அதைச் சரிக்கட்டத் தெற்கில் எடை வைப்பார்கள். எங்கள் கடலோ காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம், இங்கே அந்த இழுப்பு இல்லை, வைத்த எடை மட்டும் இருக்கிறது. 1963இல் முதல் ராக்கெட் விட்ட தும்பாவைத் தேர்ந்ததே இந்தக் கோட்டுக்காகத்தான். தும்பாவும் கொச்சியும் ஒரே மாநிலம், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. இந்தப் பகுதிக்கு எடை போட்டது வேண்டும் என்று கடையில் கேட்கத் தெரியாதது என் தவறா?

தயவுசெய்து 15 நாளுக்குள் எங்கள் பகுதிக்கு எடை போட்ட காம்பஸ் ஒன்றைத் தந்து, விவரம் தெரிந்த ஆளை அனுப்பி, வள்ளத்தைக் கடலில் நாலு திசையும் திருப்பிப் பிழை பார்த்துப் பொருத்திக் கொடுங்கள். முடியாவிட்டால் 8,400 ரூபாயும் பொருத்துகூலியும் ரயில் செலவும் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அப்போது கொச்சியிலிருந்து நீங்கள் ரயிலேற வேண்டிவரும். எஞ்சினியர் லீவு என்று நான் சொல்ல மாட்டேன்.

நாலு ஸ்குருக்களையும் இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். ஒரு காந்தத்தைக் கிட்டே காட்டிப் பாருங்கள்.

இப்படிக்கு,
நீரோடி வள்ளக்காரன்
(பில் நகல் இணைப்பு, நான்காம் முறையாக)