ஒண்ணுக்கும் கொள்ளாதவள் என்று சொன்னாயே

அன்பு மக்களே,

கர்த்தருடைய கிருபையால் அம்மையும் நானும் சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறோம்.

இரண்டு நாளாக விடாத மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை. போன ஞாயிறு ராத்திரி நீ போனில் பேசினதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. ஆபீசில் ரேட்டிங்கைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்றாய். உன்னைப் பெண் பார்த்துப் போன பாறசாலைக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியது உண்மையா என்று கேட்டாய். கடைசியில், "அப்பா, நான் ஒண்ணுக்கும் கொள்ளாதவ" என்று சொல்லி போனை வைத்துவிட்டாய். "அப்படிச் சொல்லாதே மக்களே" என்றேன், அது உன் காதில் விழுந்ததோ என்னமோ. அதற்குமேல் சொல்ல அப்போது எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்தானே. மீன் குழம்பு ருசியாக அமைந்தால் கொள்ளாம். சேலை பொருந்தினால் கொள்ளாம். எல்லைக்கு அந்தப் பக்கம் பனச்சமூட்டில் நான் ரப்பர் ஷீட் கொண்டு போடுகிற கடைக்காரரும் அதையேதான் சொல்வார். ஷீட்டை இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். உள்ளே காற்றுக் குமிழ் இருக்கிறதா, தூசி இருக்கிறதா, பூசணம் பிடித்திருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். திருப்தி என்றால் "கொள்ளாம்". இல்லையென்றால் "கொள்ளூல", அவ்வளவுதான், ஷீட் மறுபக்கத்து அடுக்குக்குப் போய்விடும்.

நான் 14 வயதில் கத்தி பிடித்தவன். விடியும் முன்னே நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடந்து, பட்டையை நூல் கனத்துக்குச் சீவி, சிரட்டையில் சொட்டின பாலைச் சேர்த்து, அரித்து, தண்ணீர் கலந்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் கொடுத்து, புகையில் உணக்கிக் கொண்டு போனாலும், கடைசியில் அந்த ஒரு பார்வைக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும். 1 முதல் 5 வரை தரம். நம் ஷீட் அநேகமாய் 4-ல் நிற்கும். சிரட்டையிலும் பட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலுக்கு அந்தப் பார்வைகூட இல்லை. சாக்கோடு தராசில் ஏற்றி, ஒரே விலை.

ரப்பருக்குத் தரம் பார்க்கட்டும். டயர் செய்கிறவனுக்கு எந்த ஷீட் எப்படிப்பட்டது என்று தெரிந்தாக வேண்டும். உன் ரேட்டிங்கையும் அப்படியே எடுத்துக்கொள். வேலையில் குறை இருந்தால் எது என்று கேள், திருத்து. நீ செய்து கொடுத்த ஷீட்டுக்கு அவர்கள் போட்ட தரம் அது. உன்னை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க அந்த மேனேஜருக்குக் கண் போதாது.

ஆனால் நம் வீட்டுத் திண்ணையில் நடந்தது வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அன்று பாறசாலைக்காரர்கள் உன்னைப் பார்க்க வந்தார்கள். முதலில் ஜெபம் பண்ணினோம். நீ சாயாவோடு வந்தாய். அந்தப் பெரியம்மை, "உள்ளே இருட்டா இருக்கு, வெளியே வா மோளே" என்று உன்னைத் திண்ணை ஓரத்துக்கு, வெயில் விழுகிற இடத்துக்குக் கூட்டிப் போனார். உன் முகத்தைப் பார்த்தார், கையைத் திருப்பிப் பார்த்தார். எனக்கு உடனே புரிந்தது. எத்தனை வருஷமாக அந்தப் பார்வைக்கு முன்னால் நின்றவன் நான்! அப்போதாவது எழுந்து, "சரி, போதும்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிறகு அந்தப் பெரியவர் எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டார். "30 பவுன் போடுவோம், கூடக் குறையப் பேசிக்கொள்ளலாம்" என்றேன். ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன அதே வாயால்.

நீ தட்டைத் திண்ணைச் சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாய். தட்டில் ஒரு கிளாஸ் சாயாவை யாரும் எடுக்கவில்லை. நீ வைத்த வேகத்தில் அது சிறிது நேரம் தளும்பிக்கொண்டே இருந்தது. அவர்கள் பேசினது எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை, அந்தச் சாயாதான் கண்ணுக்குள் நிற்கிறது.

வரதட்சணை கூடாது என்று 1961-லேயே சட்டம் வந்துவிட்டது. நான் பிறப்பதற்கு முன்னால். வேதம் அதற்கும் எத்தனையோ காலம் முந்தினது. இரண்டும் தெரிந்தே நான் அங்கே உட்கார்ந்து விலை சொன்னேன். ஊரெல்லாம் செய்கிறதுதானே என்று அம்மை சமாதானம் சொல்கிறாள். எனக்கு ஆறவில்லை. நீ ஒண்ணுக்கும் கொள்ளாதவள் என்று உனக்குத் தோன்றினதற்கு முதல் காரணம் ஆபீசும் இல்லை, பாறசாலையும் இல்லை. அப்பாதான். என்னை மன்னித்துக்கொள் மக்களே.

நீ போனை வைத்த அந்த ராத்திரி வேதபுத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் பண்ணின வசனம்தான், ஒன்று கொரிந்தியர் ஆறாம் அதிகாரக் கடைசி: "கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே." எத்தனை தடவை வாசித்திருப்பேன். அன்றைக்குத்தான் அந்தச் சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. கொள்ளப்பட்டீர்களே! நீ கொள்ளாதவள் என்று சொல்லிவிட்டுப் போனாய், இங்கே பவுல் கொள்ளப்பட்டவள் என்று எழுதி வைத்திருக்கிறார். அடுத்த அதிகாரத்தில் மறுபடியும் அதையே சொல்கிறார்: "நீங்கள் கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள், மனுஷருக்கு அடிமைகளாகாதிருங்கள்."

கிரயம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டாம். டிரங்குப் பெட்டியில், இந்த 12 சென்டுக்கு உள்ள கிரயப் பத்திரம் உன் சர்டிபிகேட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. நாளை ஒருவன் வந்து வேலிக்கு வெளியே நின்று, "இந்த மண் சரியில்லை, பாறை நிறைய, சென்டுக்கு இவ்வளவுதான் பெறும்" என்று சொன்னால் நான் என்ன சொல்வேன்? "அண்ணே, இது விற்பனைக்கு இல்லை. பத்திரம் முடிஞ்சாச்சு" என்பேன். அவன் சொன்ன விலை கூடவா குறையவா என்று அவனோடு தர்க்கம் பண்ணிக்கொண்டு நிற்பேனா? உனக்கும் பத்திரம் முடிந்துவிட்டது, மக்களே. வாங்கினவர் கொடுத்த விலை என்ன என்று பேதுரு எழுதியிருக்கிறார்: வெள்ளியினாலும் பொன்னினாலும் இல்லை, கிறிஸ்துவின் விலையேறப்பெற்ற இரத்தத்தினாலே. பொன் அழிந்துபோகிற வஸ்து என்று பெயர் சொல்லியே ஒதுக்கிவிட்டார். நான் சொன்ன 30 பவுனும் அதில் அடக்கம்தானே.

இது நம் மண்ணில் வெறும் பிரசங்கப் பேச்சாக இருந்ததில்லை. மனுஷனையே விலைக்கு விற்று ஓலை எழுதிக் கொடுத்த நாடு இந்தத் திருவிதாங்கூர். அடிமை முறையை 1855-ல்தான் ஒழித்தார்கள். அதற்கு முன்னாலேயே நாகர்கோவிலில் மிஷன் அம்மாமார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் கூலியைச் சேர்த்து வைத்துத் தன்னைத்தானே விலைக்கு வாங்கி விடுதலையான பிள்ளைகள் இருந்தார்கள். யோசித்துப் பார். தன் விலையைத் தானே எண்ணிக் கொடுத்துவிட்டு வெளியே வருகிற ஒரு பெண், மறுநாள் கோயிலில் உட்கார்ந்து "கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள்" என்று கேட்டால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

நம் பெண்கள் மேலுடம்பை மறைக்கத் தோளில் சீலை போட்டதற்காக அடிபட்ட கதையை என் பாட்டி அவளுடைய பாட்டி சொன்னதாகச் சொல்வாள். 1859 ஜூலை 26-ல் மகாராஜா விளம்பரம் போட்டு அனுமதி கொடுத்தார். அப்போதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை வைத்தார். சட்டம் அரை மனதோடுதான் வந்தது. ஆனால் நம் பெண்கள் அதற்கும் முன்னாலேயே நிமிர்ந்துவிட்டார்கள். மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்தது 1806-ல். தேவனுடைய சாயலில் உண்டாக்கப்பட்டவள் நீ என்று ஒருத்திக்குச் சொல்லிவிட்டால், பிறகு அவள் தோளிலிருந்து துணியை இழுக்கிறவனுக்கு எப்படிப் பணிவாள்?

சபைக்குள் யாரும் யாரையும் தரம் பார்ப்பதில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பார்க்கிறார்கள். சாதி பார்க்கிறார்கள், வீடு பார்க்கிறார்கள், நிறம் பார்க்கிறார்கள். கல்யாண வீட்டில் என்னை "வெட்டுக்காரன்" என்று சொல்லிப் பின்வரிசைக்கு அனுப்பினதும் நம் சபைக்காரர்தான். ஆனால் திருவிருந்துக்கு அந்தக் கம்பியண்டை முழங்கால் போடும்போது, நான் யாருடைய மரத்தை வெட்டுகிறேனோ அந்த முதலாளி ஒரு நாள் எனக்கு அடுத்து வந்து முழங்கால் போட்டார். சபை ஐயர் பாத்திரத்தை எனக்குக் கொடுத்தார், துடைத்தார், பிறகு அவருக்குக் கொடுத்தார். என் விரலில் ரப்பர் பால் வாடை. அன்றைக்கு அங்கே 1 என்றும் 4 என்றும் இல்லை. அந்த ஒரு நிமிஷத்தை வைத்துக்கொண்டு நான் பல வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

உனக்கு நம் சபை அறுப்பின் பண்டிகை ஏலம் ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அப்போது எட்டு வயது. கிணற்றடியில் நீயே நட்டுத் தண்ணீர் ஊற்றின மட்டி வாழை, மூன்றே சீப்பு தள்ளியது. அதுவும் ஒரு பக்கம் சூம்பிப்போன காய். "பெரிய குலை பக்கத்து வீட்டில் வாங்கித் தருகிறேன்" என்று அம்மை சொன்னாள். நீ கேட்கவில்லை. அதையே கட்டிப்பிடித்துக்கொண்டு போய் ஆல்டருக்கு முன்னால் வைத்தாய். பக்கத்தில் இரண்டாள் தூக்குகிற பலாச்சக்கை, ஏத்தன் குலை, சேவல். ஏலம் சொல்கிறவர் உன் குலையைத் தூக்கினபோது பின்னால் பையன்கள் சிரித்தார்கள். 20 ரூபாய் என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. நீ பாயில் உட்கார்ந்து திரும்பி என்னைப் பார்த்தாய்.

நான் 50 என்றேன். யாரோ 60 என்றார்கள். 100 என்றேன். அந்த முதலாளிக்கு என்ன தோன்றியதோ, 200 என்றார். எனக்கு வீம்பு வந்துவிட்டது என்று அம்மை இன்றும் சொல்கிறாள். வீம்பு இல்லை. என் பிள்ளையின் குலையை வேறு யார் வீட்டுக்கும் விட எனக்கு மனம் வரவில்லை. 510-ல் நின்றது. ஒருதரம், இரண்டுதரம், மூணுதரம். அந்த வாரக் கூலி முழுக்க அதோடு போயிற்று.

திரும்பி வரும்போது சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து குலையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாய்: "அப்பா, சந்தையில இதுக்கு எவ்வளவு கிடைக்கும்?"

"முப்பது ரூபா கிடைக்கும்."

"பின்ன ஏன் ஐநூறு குடுத்தீங்க?"

"இது நீ நட்டதுல்லா" என்றேன்.

அன்றைக்கு அது எனக்கு எவ்வளவு லேசாகத் தெரிந்திருந்தது! சந்தை விலை ஒன்று, மனசு வைத்து எடுக்கிறவன் கொடுக்கிற விலை வேறு. சிலுவையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அன்றைக்கு அந்த சைக்கிள்மேல் இருந்தது. அதே ஆள்தான் இத்தனை வருஷம் கழித்துத் திண்ணையில் உட்கார்ந்து சந்தை விலை சொன்னேன்.

ஜெபம் பண்ணு, எல்லாம் மாறிவிடும் என்று சொல்லி முடிக்க நான் வரவில்லை. ரேட்டிங் அடுத்த வருஷமும் குறையலாம். இன்னும் இரண்டு வீட்டார் வந்து வேண்டாம் என்று போகலாம். அந்த நேரத்தில் வலிக்கும்தான். வலிக்கட்டும், அழு, அம்மையிடம் சொல்லு. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் உன்மேல் நீயே எழுதிக்கொள்ளாதே. "நீ என் பார்வைக்கு அருமையானபடியினால்" என்று ஏசாயாவில் இருக்கிறதே, அது உனக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று ஐயர் வாசித்தது. அப்போது உனக்கு மூன்று மாசம். ரேட்டிங் வாங்கவோ பவுன் போடவோ நீ ஒன்றும் செய்திருக்கவில்லை, என் கையில் கிடந்து உறங்கினாய்.

தரகரிடம் சொல்லிவிட்டேன், முதல் பேச்சிலேயே பவுன் எண்ணுகிற வீட்டாரை இனி இந்தப் படியேற்ற வேண்டாம் என்று. இப்படிப் பேசினால் காரியம் நடக்காது என்றார். நடக்கிறபோது நடக்கட்டும் என்றேன். அம்மை சேர்த்து வைத்த பொன் உனக்குத்தான். படிக்கிறாயோ, வீட்டுக்கு முன்பணம் கொடுக்கிறாயோ, உன் இஷ்டம். அதை உன்னோடு சேர்த்து வைத்து எடை போட இனி நான் விடமாட்டேன்.

பிறகு, அந்த மட்டியின் பக்கக்கன்று கன்றாக வந்து இப்போதும் கிணற்றடியில் நிற்கிறது. ஒன்று குலை தள்ளியிருக்கிறது. இந்த மழையில் சாய்ந்துவிடும் என்று அம்மை காலையில் மூங்கில் முட்டுக் கொடுத்தாள். எண்ணிப் பார்த்தேன், நாலு சீப்பு. அறுப்பின் பண்டிகைக்குள் முற்றிவிடும். லீவு கிடைத்தால் வா. பெங்களூரு வண்டி குழித்துறைக்கு வருகிறபோது நான் ஸ்டேஷனில் நிற்பேன். நீ வந்து வெட்டினால் போதும் என்று கத்தி வைக்காமல் விட்டிருக்கிறேன்.

உன் அப்பா