எட்டு என்ஜின்கள் வந்தன, கண்ணாடி வரவில்லை

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர், அல்சூர், பெங்களூரு.

பெறுநர்:
குறைதீர் அலுவலர், மாடல் கிட் இணைய விற்பனைப் பிரிவு, பெங்களூரு.

பொருள்: 1/72 அளவு பி-24 லிபரேட்டர் கிட்டில் கண்ணாடிப் பாகங்கள் இல்லாதது குறித்துப் புகார்.

ஐயா,

வணக்கம். மார்ச் 3 அன்று 4,850 ரூபாய் செலுத்தித் தங்களிடம் மேற்படி கிட்டை, அதாவது இரண்டாம் உலகப் போர்க் கால அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்தின் மாதிரியைப் பாகம் பாகமாக ஒட்டிச் செய்யும் பெட்டியை, வாங்கினேன். 8-ஆம் தேதி வந்து சேர்ந்தது. பெட்டிக்குள் ‘எச்’ என்று குறியிட்ட ஸ்ப்ரூ (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) இல்லை. ‘ஜி’ இரண்டு இருந்தன. ஜி-யில் இருப்பவை என்ஜின்கள், எச்-சில் இருக்க வேண்டியவை கண்ணாடிகள். நான்கு என்ஜின் விமானத்துக்கு இப்போது என்னிடம் எட்டு என்ஜின்கள் இருக்கின்றன. விமானி வெளியே எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடிகூட இல்லை.

இது தயாரித்தவர்களின் பிழை என்று தங்கள் ஊழியர் தொலைபேசியில் சொன்னார். அவர் நல்ல தமிழில் பேசியதால்தான் நானும் தமிழிலேயே எழுதுகிறேன். ஆனால் அவர் சொன்னதை ஏற்க முடியவில்லை. தொழிற்சாலையில் பிளாஸ்டிக் பையைச் சூட்டில் ஒட்டித்தான் அனுப்புவார்கள். எனக்கு வந்த பைகளில் இரண்டு ஸ்டேப்ளர் ஊசியால் மூடப்பட்டிருந்தன. யாரோ இரண்டு பெட்டிகளை ஒரே நேரத்தில் திறந்து பார்த்துவிட்டு, மாற்றி அடுக்கி, மேலே புதிதாக உறை சுற்றியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். ஊசிகளையும் படம் எடுத்து 8-ஆம் தேதி மாலையே மின்னஞ்சலில் அனுப்பினேன்.

பதில் வர ஆறு நாள் ஆனது. பெட்டியைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இல்லாததால் மாற்றித் தர இயலாதாம். அடுத்த முறை வாங்கும்போது 150 ரூபாய் கழிவு தருவீர்களாம். வீடியோ வேண்டும் என்ற நிபந்தனை பில்லிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். கடைசி வரியில் இப்படி எழுதியிருந்தது: “பொம்மையில் ஓரிரு துண்டுகள் குறைவதால் விளையாடத் தடையிருக்காது.” அறுபத்தாறு வயதில் நான் விமானத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தில் உர்ர் என்று ஓடுவதாக அதை எழுதியவர் நினைத்துவிட்டார் போலும்.

குறைந்திருப்பவை ஓரிரு துண்டுகள் அல்ல. லிபரேட்டரின் மூக்கில் கண்ணாடி உண்டு. குண்டு போடுபவர் அதற்குப் பின்னால்தான் குனிந்து குறிபார்ப்பார். விமானி அறைக்குப் பின்னால் முதுகில் ஒன்று, வாலில் ஒன்று, வயிற்றுக்கடியில் உருண்டையாக ஒன்று என்று துப்பாக்கிக் கூண்டுகள் வேறு. இவை இல்லாமல் உடலின் இரு பாதிகளை ஒட்டினால் எங்கும் ஓட்டையாக ஒரு குழாய்தான் மிஞ்சும். கண்ணாடியில் கீறல் விழுந்திருந்தால் நான் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். பற்பசை போட்டுத் தேய்த்துப் போக்கியிருப்பேன். ஒளி ஊடுருவும் தகட்டைச் சூடாக்கி மர அச்சின் மேல் இழுத்து ஒரு மூடி செய்யவும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த உருண்டைக் கூண்டின் மெல்லிய சட்டக் கோடுகளை அப்படிக் கொண்டுவர என் கையால் ஆகாது.

இத்தனை விமானங்கள் இருக்க லிபரேட்டரை ஏன் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா 1948-இல், இருபது வயதில், வாணியம்பாடியிலிருந்து வந்து இங்குள்ள ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையில் தகர வேலைக்குச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர்களை எப்படியோ பழுதுபார்த்துப் பெங்களூருக்குப் பறக்கவைத்து, இங்கே முழுதாகச் சீரமைத்து விமானப்படையிடம் ஒப்படைத்தார்கள். நமக்குப் பயன்படக் கூடாதென்று பிரிட்டிஷார் வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டுப் போன விமானங்கள் அவை. ஒன்றில் இல்லாததை இன்னொன்றிலிருந்து கழற்றி மாட்டுவோம் என்று அப்பா சொல்வார். 1968 இறுதிவரை அவற்றை நம் விமானப்படை ஓட்டியது. அதில் ஒன்று பிரிட்டனின் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. ஆக, குறைப் பாகங்களோடு வரும் லிபரேட்டர் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. அப்பாவுக்கு அந்த வேலைக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நானோ 4,850 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

நிஜ விமானத்தின் இறக்கை நீளம் 33.5 மீட்டர். 1/72 அளவில் அது 46 சென்டிமீட்டரைத் தாண்டும். அதற்கென்றே தச்சரை வரவழைத்து, அப்பாவின் படத்துக்குக் கீழே பலகை அடித்து வைத்திருக்கிறேன். முன்சக்கரம் உள்ள விமானம் என்பதால் மூக்கில் பாரம் வைக்காவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். அதற்காகத் தூண்டில் ஈயக்குண்டுகள் வாங்கியாயிற்று. மாதிரியின் மேல் ஒட்டும் இந்திய விமானப்படைச் சின்னங்களின் டெக்கால் தாளையும் தனியே 650 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். அதை வாங்கியதும் தங்களிடம்தான். அதில் குறை ஒன்றும் இல்லை.

எனக்கு வேண்டியது எச் ஸ்ப்ரூ மட்டுமே. அது கிடைக்காதென்றால் கிட்டைத் தங்கள் செலவில் எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும், டெக்கால் தாளின் விலையோடு சேர்த்துத் திருப்பிவிடுங்கள். கழிவுக் கூப்பன் வேண்டாம். இணைய வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தாங்கள் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்தும் வைக்க வேண்டும். முதல் கெடு போய்விட்டது. இரண்டாவது ஏப்ரல் 8-ஆம் தேதி முடிகிறது. அதன்பின் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

இன்னொன்று. என் ஊகம் சரியென்றால், இரண்டு எச் ஸ்ப்ரூக்களோடும் என்ஜினே இல்லாமலும் இன்னொரு லிபரேட்டர் பெட்டி தங்கள் கிடங்கில் இருக்கிறது. அல்லது ஏற்கெனவே யாருக்கோ போயிருக்கிறது. தயவுசெய்து தேடிப் பாருங்கள். என்னிடம் உள்ள இரண்டாவது ஜி ஸ்ப்ரூவை வெட்டாமல் பத்திரமாக வைத்திருக்கிறேன்; ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

அல்சூர், மார்ச் 24
இணைப்பு: பில் நகல், பெட்டியின் படங்கள் ஆறு, தங்கள் மின்னஞ்சலின் நகல்